எல்லாம் ஒரே ஆள் வாசிக்கும் ஆல்பம்: டிரம்ஸ் முதலிலா, கிட்டார் முதலிலா?

மொட்டைமாடி_ட்ராக்ஸ்:

வணக்கம். அமெரிக்க ராக் குழுவான ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பம் (1995) பெயரளவில்தான் பேண்ட் ஆல்பம், உள்ளே வாசித்ததெல்லாம் டேவ் க்ரோல் ஒருவரே என்று எல்லாருக்கும் தெரியும். அதே பாணியில் ஐந்து பாட்டுகள் பதிவு செய்யத் திட்டம். டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் ஒரே ஆள். நான்கு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), நான்கு மைக், ஒரு டிரம் செட், ஒரு கிட்டார் ஆம்ப், அவ்வளவுதான் கையில்.

க்ரோல் எந்த வரிசையில் பதிவு செய்தார்? டிரம்ஸ் வாசிக்கும்போது கூட யாரும் இல்லாமல் பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? பதிவு முடிந்த பிறகு மேடைக்கு ஆட்களைச் சேர்க்கும்போது எதில் தகராறு வரும்? மூன்றில் எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

டேப்_இரைச்சல்:

டிரம்ஸ்தான் முதலில். க்ரோலும் அப்படித்தான். 1994 அக்டோபரில், சியாட்டிலுக்கு வடக்கே ஷோர்லைனில் உள்ள ராபர்ட் லாங் ஸ்டூடியோவில் ஒரு வாரம். க்ரோல் அதற்கு முன் இருந்த குழுவான நிர்வாணா கடைசியாகப் பதிவு செய்ததும் அங்கேதான், அதே ஆண்டு ஜனவரியில். ஒலிப்பதிவைக் கவனித்தவர் பழைய நண்பர் பாரெட் ஜோன்ஸ். டிரம்ஸை அடித்து முடித்ததும் வியர்வை காயும் முன்னே ஓடிப் போய் கிட்டார், அடுத்து பேஸ், தேவைப்பட்டால் இன்னொரு கிட்டார், உடனே அடுத்த பாட்டு. ஒரு பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போலத்தான் ஆனது. வேறு ஆள் வாசித்தது ஒரே ஒரு பாட்டில் ஒரு கிட்டார். அது ஆஃப்கன் விக்ஸ் குழுவின் கிரெக் டல்லி.

இந்த வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இதே ஜோன்ஸோடு க்ரோல் 1990லிருந்தே தனியாக எல்லாவற்றையும் வாசித்துப் பதிவு செய்து பழகியவர். அதில் ஒரு பகுதி 1992இல் 'லேட்!' என்ற பெயரில் கேசட்டாகவே வந்தது. நிர்வாணாவில் டிரம்ஸ் வாசித்த வருடங்களில் பாட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஸ்டூடியோவுக்குள் போகும்போது எல்லாம் மனப்பாடம்.

கிட்டாரை முதலில் போட்டால் என்ன ஆகும்? கிளிக்கோடு (ஹெட்ஃபோனில் வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஒலி) வாசித்தாலும் வலது கை கோரஸில் (பல்லவி மாதிரி) கொஞ்சம் முந்தும், வெர்ஸில் (சரணம் மாதிரி) கொஞ்சம் பிந்தும். தனியாகக் கேட்டால் தெரியாது. பிறகு அதன் மேல் டிரம்ஸ் அடிக்கும்போது கால் கிளிக்கைப் பிடிக்கும், கை கிட்டாரைத் துரத்தும். கடைசியில் பேஸ் வாசிக்க உட்கார்ந்தால் கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேருவதா கிட்டாரோடு சேருவதா என்றே தெரியாது. பாட்டின் அடிப்பகுதி கலங்கிப் போகும், எந்த ஈக்யூவாலும் (ஒலியின் கனம், கூர்மையைத் திருத்தும் வசதி) அதைச் சரிசெய்ய முடியாது.

இடம் தெரிவதற்கு வழி: முதலில் பாட்டை ஒரு தாளில் பார் (ஒரு தாளச் சுற்று) கணக்காக எழுதுங்கள். முகப்பு 8, வெர்ஸ் 16, கோரஸ் 8, இப்படி. அதைப் பார்த்து மென்பொருளில் கிளிக் போட்டு, ஒரு வழிகாட்டிக் கிட்டாரும் முணுமுணுப்புக் குரலும் பதிவு செய்யுங்கள். இது தூக்கிப் போடப் போகும் ட்ராக், அழகு வேண்டாம். ஒவ்வொரு பகுதி மாறுவதற்கும் இரண்டு பார் முன்னால் அதிலேயே "கோரஸ்", "பிரேக்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடி டிரம்ஸ்.

டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்வது) எடுக்கும்போது முழுப் பாட்டையும் வாசியுங்கள். மூன்று முழு டேக் எடுத்து அதில் நல்லதைத் தேர்ந்தெடுத்தால், நாலு நாலு பாராக ஒட்டியதை விட மூச்சு இருக்கும். துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கை புதுசாக இருக்கும், அடி பலம் ஏறி இறங்கும், முந்தைய சிம்பலின் ரீங்காரம் வெட்டுப்பட்டு நிற்கும். கடைசி அடிக்குப் பிறகு சிம்பல் முழுக்க அடங்கும் வரை, பத்து வினாடியாவது, நாற்காலியை விட்டு அசையாதீர்கள். அந்தக் கடைசி பாரில் கிளிக்கை மியூட் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் அமைதியான முடிவில் ஹெட்ஃபோனிலிருந்து டிக் டிக் என்று மைக்குக்குள் புகுந்துவிடும்.

கயிறு_அளவு:

நான்கு மைக் தாராளம். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு (முன்னால் உள்ள கூர்மையான ஒலி டிரம்) ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ளவற்றுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளின் ஜான்ஸின் முறையைப் பாருங்கள்: ஒன்று ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில், இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் டிரம்) வெளியே, டாமின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்ச உயரத்தில், ஸ்னேரைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் அளக்காதீர்கள். ஒரு கயிற்றை ஸ்னேர் நடுவில் பிடித்து முதல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள், அதே முடிச்சு இரண்டாவது மைக்கைத் தொட வேண்டும்.

தூரம் மாறினால் ஸ்னேர் ஒரு மைக்குக்கு முன்னும் இன்னொன்றுக்குப் பின்னும் போய்ச் சேரும். இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஸ்னேர் அட்டைப் பெட்டி மாதிரி ஒலிக்கும். சோதனை சுலபம். எல்லாவற்றையும் மோனோவில் கேளுங்கள், கிக் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழ் திசை) மென்பொருளில் திருப்புங்கள். எந்த நிலையில் வயிற்றில் இடிக்கிறதோ அதுதான் சரி. ஸ்னேர் மைக்குக்கும் அதே சோதனை. வாசித்து முடித்த பிறகு அல்ல, முதல் டேக்குக்கு முன்னால்.

ஸ்னேர் மைக்கின் முதுகு ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) பார்க்கட்டும். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். இதை விட்டுவிட்டால் பிறகு ஸ்னேரைக் கம்ப்ரெஸ் செய்யும்போதெல்லாம் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்போது) ஹாட் சீறிக்கொண்டு மேலே வரும்.

தளர்ந்த_ஆறாம்_கம்பி:

டிரம்ஸ் பற்றிச் சொல்லிவிட்டார்கள், கிட்டார் பற்றி இரண்டு விஷயம்.

க்ரோலின் பாட்டுகளைப் பழகியவர்கள் பெரும்பாலும் டிராப் டியில்தான் (ஆறாம் கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கும் டியூனிங்) எழுதத் தொடங்குவார்கள். ஃபூ ஃபைட்டர்ஸின் 1997 ஆல்பத்தின் 'எவர்லாங்', 'மங்கி ரென்ச்' இரண்டுமே அந்த டியூனிங்தான். ஆறாம் கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4க்கு இறங்குகிறது. அதே கம்பியாக இருந்தால் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளர்ந்த கம்பியைப் பலமாக அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி, பிறகு இறங்கி நிற்கும். ஒரே கிட்டாரில் இது தெரியாது. இரண்டு மூன்று அடுக்கு போட்டதும் மிக்ஸே (எல்லா ட்ராக்கும் சேர்ந்த ஒலி) சுருதி விலகியதுபோல் தோன்றும், ஆளாளுக்கு டியூனரைக் குறை சொல்வார்கள். ஆறாம் கம்பி 46 கனத்தில் போட்டிருந்தால் 52க்கு மாறுங்கள், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இன்டொனேஷனை (அழுத்திய இடத்திலும் சுருதி சேர்கிறதா என்று) திரும்பச் சரிபாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் செய்யுங்கள். அதுவும் வாசிக்கும்போது அடிக்கும் அதே பலத்தோடு அடித்து.

அடுக்கு என்றால் அதே பகுதியை இரண்டாம் முறை உண்மையாகவே வாசிப்பது. ஒரு டேக்கை நகலெடுத்து இடது வலது என்று வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். இரண்டு டேக்குகளுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் அகலமாகக் காதில் விழுகின்றன. கெயினை (ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் திருகு) மேடையில் வைப்பதை விடக் குறைத்து வையுங்கள். நான்கு அடுக்கு டிஸ்டார்ஷன் சேர்ந்தால் கார்டு எது, இரைச்சல் எது என்று பிரியாது. பலம் கையிலிருந்து வரட்டும்.

டேப்_இரைச்சல்:

குரலை விட்டுவிட்டோம். க்ரோலுக்கு அப்போது தன் குரல் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் முதல் ஆல்பத்தில் அடுக்கடுக்காகப் போட்டு மறைத்தார். கூச்சத்துக்குச் செய்தது பிறகு அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது வேறு விஷயம். நீங்கள் செய்வதானால் முக்கியக் குரலுக்குக் கீழே 8 டெசிபல் போலக் குறைத்து இரண்டாவதை வையுங்கள். தமிழில் பாடினால் கூடுதல் கவனம்: ட்ட, க்க, ப்ப போன்ற இரட்டிப்புகள் இரண்டு டேக்கிலும் ஒரே கணத்தில் விழாது, தடதடவென்று கேட்கும். இரண்டாவது குரலில் அந்த எழுத்துகளை வாய்க்குள்ளேயே விழுங்கிப் பாடுங்கள்.

ஃப்ரீமான்டில்_அறை:

ஒரு வார வேகத்தை எல்லாரும் கொண்டாடுவது எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவின் டேம் இம்பாலா என்ற பெயரில் இசைக்கும் கெவின் பார்க்கரும் தனி ஆள்தான். பெர்த் பக்கத்துக்காரர், ஸ்டூடியோவில் எல்லாக் கருவியும் அவரே. ஆனால் மாதக் கணக்கில் ஒரு ஒலியைத் திருத்திக்கொண்டே இருப்பவர். 2015இல் வந்த 'கரண்ட்ஸ்' ஆல்பத்தை ஃப்ரீமான்டில் வீட்டிலேயே எழுதி, பதிவு செய்து, மிக்ஸும் அவரே செய்தார். அந்த டிரம்ஸ் ஒலி ஒரு வாரத்தில் கிடைக்காது.

கயிறு_அளவு:

உண்மைதான், ஆனால் அது அவருடைய மூன்றாவது ஆல்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மேன் கையில் கொடுத்துத்தான் மிக்ஸ் செய்தார். க்ரோலும் அப்படித்தான்: ராப் ஷ்னாப், டாம் ராத்ராக் இருவரும் கலிஃபோர்னியாவின் ஆர்க்காட்டாவில் மிக்ஸ் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒருவரே வாசித்த பாட்டில், எந்தப் பகுதி தேவையில்லை என்று அவருக்கே தெரியாது, ஒவ்வொன்றும் உழைத்து வாசித்தது என்பதால். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் மிக்ஸுக்குச் செலவு செய்யுங்கள். அனுப்பும்போது எல்லா ட்ராக்கும் பூஜ்ஜிய நேரத்திலிருந்து தொடங்கும் வேவ் கோப்புகளாக, 24 பிட், மாஸ்டரில் எந்த லிமிட்டரும் (சத்த உச்சத்தை வெட்டும் கருவி) இல்லாமல், பாட்டின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எழுதி அனுப்புங்கள்.

மூன்றாம்_டிரம்மர்:

மேடைக்கு ஆள் சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். தனி ஆள் ஆல்பத்தில் வெடி இருப்பது அங்கேதான்.

க்ரோல் முதலில் 100 கேசட் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். தன் பெயர் போடாமல், பலர் இருக்கும் குழு என்று நினைக்கட்டும் என்று பன்மையில் பெயர் வைத்தார். பிறகு ஒப்பந்தம் வந்தது. ஆனால் ஆல்பம் 1995 ஜூலை 4 அன்று அவருடைய சொந்த ராஸ்வெல் லேபிளின் பெயரில் கேப்பிட்டல் நிறுவனம் வழியாக வந்தது. அதற்குள் மேடைக்கு ஆள் தயார்: சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவிலிருந்து நேட் மெண்டல், வில்லியம் கோல்ட்ஸ்மித், நிர்வாணாவோடு மேடையேறிய பேட் ஸ்மியர்.

இரண்டாவது ஆல்பத்தில் சிக்கல். 1996 கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் பேர் க்ரீக் ஸ்டூடியோவில் கில் நார்ட்டன் தயாரிப்பில் பதிவானது திருப்தி தரவில்லை. ஹாலிவுட்டில் திரும்ப உட்கார்ந்தபோது, கோல்ட்ஸ்மித் அங்கே இல்லாத நேரத்தில் க்ரோலே அவருடைய டிரம்ஸை ஏறக்குறைய முழுவதும் திரும்ப வாசித்துவிட்டார். கோல்ட்ஸ்மித் 1997இல் விலகினார். இசையைப் பொறுத்தவரை அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் அருமை, மறுக்க முடியாது. நடந்த விதம் தவறு என்பது என் கருத்து. டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்த தலைவனுக்கு இன்னொரு டிரம்மரை வைத்துக்கொள்வது, சமையல் தெரிந்த மாமியார் வீட்டில் மருமகள் அடுப்படிக்குப் போவது மாதிரி.

அதனால் டிரம்மருக்கு அனுப்பும் டெமோவில் டிரம்ஸ் இல்லாத ஒரு பதிப்பையும் சேர்த்து அனுப்புங்கள், அதை முதலில் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் டிரம்ஸோடு ஐம்பது முறை கேட்டவர் உங்களைப் போலவே வாசிக்கப் பார்ப்பார், அதில் உங்களை வெல்ல முடியாது. எந்த அடி மாறக்கூடாது என்பதை மட்டும் தாளில் குறித்துக் கொடுங்கள், பாட்டுக்கு மூன்று நான்கு இடம் போதும், மிச்சம் அவருடையது.

அடுத்து, இது குழுவா, உங்கள் ப்ராஜெக்டா என்று முதல் ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்கக் குழுவில் 1988லிருந்து ட்ரெண்ட் ரெஸ்னர் ஒருவர்தான் அதிகாரபூர்வ உறுப்பினர். அட்டிகஸ் ராஸ் சேர்ந்தது 2016இல்தான். நடுவில் மேடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். பார்க்கரும் அப்படியே, ஸ்டூடியோ அவருடையது, மேடை எல்லாருடையது. க்ரோல் வேறு பாதையில் போனார், இரண்டாவது ஆல்பத்திலிருந்து இசையமைத்தவர்கள் பட்டியலில் மற்றவர்களின் பெயரும் வந்தது. மூன்றும் நியாயமே. எது என்று சொல்லாமல் இருப்பதுதான் தகராறு.

எழுத்தில் வைக்க வேண்டியது இரண்டு, அவற்றைக் குழப்பாதீர்கள். பாட்டை எழுதியவரின் பங்கு ஒன்று, அந்தப் பதிவின் உரிமை இன்னொன்று. இந்த ஐந்து பாட்டிலும் இரண்டும் உங்களுடையது. நாளைக்கு மேடையில் ஒருவர் புது பேஸ் வரி கண்டுபிடித்து அதைத் திரும்பப் பதிவு செய்தால் பங்கு என்ன என்று இப்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மொட்டைமாடி_ட்ராக்ஸ்:

மாமியார் உதாரணம் நெத்தியடி. எல்லாருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: கோரஸில் வேகம் கொஞ்சம் ஏறினால்தான் பாட்டு பறக்கிறது, கிளிக் அதைக் கட்டிப் போடுகிறது. கிளிக்கை விட்டுவிடலாமா?

டேப்_இரைச்சல்:

விட வேண்டாம், கிளிக்கையே ஏற்றுங்கள். வெர்ஸ் 150 என்றால் கோரஸ் 152. மாற்றத்தைக் கோரஸின் முதல் அடியில் வைக்காமல், அதற்கு முந்தைய ஃபில் (பகுதி மாறும் முன் டிரம்ஸில் வரும் சின்ன உருட்டல்) தொடங்கும் இடத்தில் வையுங்கள், கை தானாக ஏறுவது அங்கேதான். திரும்ப வெர்ஸுக்கு இறங்கும்போது ஒரே அடியாக இறக்கினால் தடுக்கும், இரண்டு பாரில் இறக்குங்கள். இதையெல்லாம் வழிகாட்டிக் கிட்டார் போடும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் அந்தக் கிட்டாரையும் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும்.