அப்டேட்: பக்கத்து மனை டைல்ஸ் மெஷின், பாப்பாவோட மதியத் தூக்கம்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, பக்கத்து மனையில வீடு கட்டுறாங்க, பாப்பாவ தூளில போட்டு கண்ணு சொக்குற நேரம் பாத்து டைல்ஸ் வெட்டுற மெஷின் கிர்ர்ருனு ஆரம்பிச்சிடுது, உதடு பிதுங்கி அழறான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிப்பா.

மேஸ்திரிகிட்ட நேரா பேசுங்கன்னு சொன்ன அக்கா, உங்களுக்குத்தான் மொத நன்றி. "அண்ணா, பாப்பா 1 மணியில இருந்து 3 வரைக்கும் தூங்குவா, அப்ப மட்டும் வெட்டாம இருக்க முடியுமா"ன்னு கேட்டேன். "அதுக்கென்னம்மா, எனக்கும் பேத்தி இருக்கு"ன்னுட்டாரு. இப்ப காலையிலயே அளவெடுத்து வெட்டி அடுக்கி வச்சிட்டு மதியம் ஒட்டுற வேலை மட்டும் பாக்குறாங்க, ரப்பர் சுத்தியால டொக் டொக்னு தட்டுற சத்தம் வரும், அதுக்கெல்லாம் அவ அசையறதே இல்ல.

தூளியையும் பின் ரூமுக்கு மாத்திட்டோம், வெளி சத்தம் அமுங்கட்டும்னு டேபிள் ஃபேன் சுவத்தப் பாத்து ஓடுது. ஒயிட் நாய்ஸ் (குழந்தை தூங்க போன்ல போடுற ஒரே சீரான 'ஷ்ஷ்' இரைச்சல்) போடுறவங்க தயவுசெஞ்சு போனை தூளிக்குள்ள வைக்காதீங்க, 7 அடியாவது தள்ளி வச்சு சத்தத்த கொறச்சு வைங்க, குழந்தை காது ரொம்ப மென்மை.

பாக்கி இருக்கறது வெங்காய லோடு ஆட்டோ ஸ்பீக்கர்தான். குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல்தான்னு 2000-ல வந்த விதி இருக்கு, ஆனா அவர் பொழப்பு அது, கம்ப்ளைன்ட் பண்ண மனசு வரல. தெருமுனையில நிறுத்தி நேர்லயே கேட்டுக்கலாம்னு இருக்கேன்.