முன்தாங்கி: அமெரிக்கக் கால்பந்தின் அந்த ஐவருக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் எழுதிவரும் நண்பர், 'அஃபென்சிவ் லைன்மேன்' என்பதற்குச் சொல் கேட்டு மூன்று நாளாகிறது. பந்து தம் அணியிடம் இருக்கும்போது முன்வரிசையில் நின்று, பாய்ந்து வரும் எதிரணியினரைத் தடுக்கும் ஐவரில் ஒருவர் அவர். தாக்குதல் வரிசையாளர், அரணர், மறிப்பாளர் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் அவருடைய வரைவுகளிலேயே பொருத்திப் பார்த்தேன். தனியே கையில் வைத்துப் பார்த்தால் எல்லாச் சொல்லும் அழகுதான். வாக்கியத்துக்குள் போனால்தான் அதன் குணம் தெரிகிறது.

"ஜோ தாமஸ், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் தாக்குதல் வரிசையாளர்." இதைப் படிப்பவர், பாய்ந்து போய் யாரையோ வீழ்த்தியவர் என்றே நினைப்பார். பந்து தம் அணியின் கையில் இருக்கிறது என்பதற்குமேல் 'அஃபென்சிவ்' என்ற அந்த ஆங்கில அடைக்கு இங்கே பொருள் கிடையாது. தாமஸின் வேலை என்ன? ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து காத்திருக்க வேண்டும். பந்து அசைந்ததும் எழுந்து, பக்கவாட்டில் பின்வாங்கி, பாய்ந்து வரும் நூற்றிருபது கிலோ ஆளின் மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் பதிக்க வேண்டும். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறியும் வரை, மூன்று விநாடி போல, அந்த ஆளை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். கண்ணிமைப்பொழுது முந்தி அசைந்தால் 5 கெஜம் தண்டம். சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம். இதை அவர் 2007 முதல் 2017 அக்டோபர் வரை, ஒரு முறைகூட வெளியே போய் உட்காராமல், தொடர்ந்து 10,363 முறை செய்தார். டென்னசி டைட்டன்ஸுடன் ஆடியபோது மேற்கையின் பின்தசை கிழிந்த அன்றுதான் அந்தக் கணக்கு நின்றது. இத்தனைக்கும் அவருடைய அணி, அவர் இருந்த காலத்தில் பிளேஆஃப் என்னும் பட்டத்துக்கான இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இவருக்குத் 'தாக்குதல்' என்று பட்டம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

'அரணர்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அரண் நின்ற இடத்தில் நிற்பது. இவர்கள் ஓடுகிறார்கள். டாலஸ் கவ்பாய்ஸின் லாரி ஆலன் 1994இல், தம் முதல் பருவத்திலேயே, நியூ ஆர்லியன்ஸில் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் டாரியன் கானர் பந்தைப் பறித்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓடினார். நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆலன் பின்னாலேயே துரத்திப் போய் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார். அரணுக்குக் கால் முளைத்ததாக எழுதினால் குறிப்பு கவிதையாகிவிடும்.

'மறிப்பாளர்' என்றதும் சாலை மறியல்தான் நினைவுக்கு வருகிறது. அதுகூடப் பெரிய குறையில்லை. இந்த ஆட்டத்தில் மறிப்பது ஐவர் மட்டும் செய்யும் வேலையன்று. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரும் சில நேரம் மறிக்கிறார், பந்து பிடிக்க ஓடுகிறவரும் மறிக்கிறார். செயலின் பெயரை ஐவருக்கு மட்டும் ஒதுக்கினால் மற்றவர்களைச் சொல்ல வழியில்லாமல் போகும். 'பிளாக்' என்ற செயலுக்கு 'மறிப்பு' இருக்கட்டும், ஆளுக்கு வேண்டாம்.

நான் முன்வைப்பது 'முன்தாங்கி'. முற்படைக்குப் பழந்தமிழில் தூசி, தார் என்று நல்ல சொற்கள் இருந்தன. இன்று ஒன்றைப் பெருக்கித் தள்ளுகிறோம், இன்னொன்றைச் சாலையில் ஊற்றுகிறோம், மீட்க முடியாது. ஆனால் அந்தப் படைகளுக்குரிய வினை பிழைத்திருக்கிறது. 'தாங்குதல்' என்றால் சுமத்தல், காத்தல், வரும் பகையைத் தடுத்து நிறுத்தல் எல்லாமே அடக்கம். இடிதாங்கியை நினைத்துப் பாருங்கள்: அடி தன்மேல் விழும், பின்னால் உள்ள கட்டடம் பிழைக்கும்.

'தாங்கி என்றால் கல்லும் கம்பியும்தானே, மனிதருக்குப் பொருந்துமா?' என்று மூத்த நண்பர் ஒருவர் கேட்பார் என்று தெரியும். பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்குத் திருவரங்கத்தில் ஸ்ரீபாதம்தாங்கிகள் என்றே பெயர். கூட்டம் முழுவதும் மேலே இருக்கும் திருமேனியைப் பார்க்கும். தோள் காய்த்தவரை யாரும் பார்ப்பதில்லை. இங்கும் அதே நிலைமைதான். புணர்ச்சி விதிப்படி 'முன்றாங்கி' என்று வரவேண்டும் என்பதும் தெரியும். அப்படி எழுதினால் படிப்பவர் என்னைத்தான் திட்டுவார்.

இனி இடப்பெயர்கள். ஐவரில் நடுவே நிற்கும் சென்டரை 'நடுவர்' என்றால் ஊதல் ஊதுகிறவர் ஆகிவிடுவார். அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டைக் 'காவலர்' என்றால் போலீஸ். இரு ஓரங்களிலும் டாக்கிள் என்ற இடத்தில் ஆடும் முன்தாங்கிக்கோ டாக்கிள் செய்வது, அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது, வேலையே இல்லை. ஆகவே நடுத்தாங்கி, உள்தாங்கி, ஓரத்தாங்கி. 'புறத்தாங்கி' என்று எழுதியிருந்தேன். 'இடதுபுறத் தாங்கி' என்று பிரித்துப் படித்தால் உள்தாங்கியும் அதில் விழுகிறார், அதனால் விட்டுவிட்டேன். புரூஸ் மேத்யூஸ் குறிப்பில் சோதித்தேன்: "1983 முதல் 2001 வரை 19 பருவங்களில் 296 ஆட்டங்கள் ஆடிய இவர், முன்தாங்கிகளின் ஐந்து இடங்களிலும் ஆடியவர்." இடறாமல் ஓடுகிறது.

குறிப்பின் அட்டவணைதான் இன்னும் சிக்கல். குவார்ட்டர்பேக்கின் பக்கம் எண்களால் நிரம்பி வழியும். முன்தாங்கிக்கு ஆண்டு, அணி, ஆடியவை, புரோ பவுல் என்னும் சிறந்த வீரர்களுக்கான ஆட்டத்துக்குத் தேர்வுகள், அவ்வளவுதான். சின்சினாட்டி பெங்கால்ஸின் அந்தோணி முன்யோஸ் 1980 முதல் 1992 வரை இடது ஓரத்தாங்கி. 11 முறை புரோ பவுல், 1998இல் ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் இடம். நண்பரின் வரைவில் அவர் பெயரில் கொட்டை எழுத்தில் இருப்பது, எப்போதோ பந்து பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டி அடித்த 4 டச்டவுன்கள்! சமையற்காரரைப் பாராட்டப் போய், அவர் ஒருநாள் பரிமாறியதைச் சொல்வதுபோல இருக்கிறது. அதை அடியில் ஒரு வரியாக வையுங்கள். 'தொடக்க ஆட்டங்கள்' என்ற தலைப்பும் முதல் சில ஆட்டங்கள் என்று பொருள்பட்டுவிடும்; 'தொடக்க வரிசையில் ஆடியவை' என்று நீட்டியே எழுதலாம்.

மைக் வெப்ஸ்டர் குறிப்பில் மட்டும் என் சொல்லே என்னைச் சற்று உறுத்தியது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் நடுத்தாங்கியாக சூப்பர் பவுல் என்னும் பட்டப் போட்டியை நான்கு முறை வென்றவர், 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோதுதான் மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் ஓயாமல் விழுந்த அடிகளோடு தொடர்புடைய சிதைவு நோயைக் கண்டார். தாங்கி என்ற சொல் அந்தப் பத்தியில் கனக்கிறது. மாற்றவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். எதிரே நின்று இவர்கள்மேல் மோதுகிறவருக்கு ஆங்கிலத்தில் 'டிஃபென்சிவ் லைன்மேன்' என்று பெயர். யாரோ அதற்குள் 'காப்பு வரிசையாளர்' என்று போட்டுவிட்டார்கள். குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதே தொழிலாகக் கொண்டவருக்குக் காப்பா? முன்மோதி என்று வைக்கலாமா, பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.