பட்டினாவுக்குக் ‘காலமெருகு’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

பழைய ரிவால்வர்களின் மதிப்பும் நிலையும் பற்றி நாம் தொகுக்கும் தமிழ்ச் சொல்பட்டியலில் எல்லாம் ஓரளவு முடிந்து ‘பட்டினா’வில், அதாவது வயதாக ஆக உலோகத்தின் மேற்பரப்பில் தானாக ஏறும் நிறத்துக்கான சொல்லில், வந்து நிற்கிறோம். அதற்குத் துருப்படலம், களிம்பு, பழம்பூச்சு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோல்ட் நிறுவனத்தின் ரிவால்வரான நேவி 1851-ஐ எடுத்துக்கொள்வோம். குழலின் நீலக்கருமை மேலே பூசியதன்று, சூட்டில் பக்குவப்படுத்தி இரும்பின் மேல்தோலையே கருப்பு ஆக்சைடாக மாற்றியது. கைவியர்வையும் காற்றின் ஈரமும் தோலுறையின் உரசலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து அந்த நீலத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகப் புளியங்கொட்டைப் பழுப்பாக்கிவிடும். இதில் பூச்சு எங்கே வந்தது? மேலே ஏற்றுவதற்குத்தான் முலாம் என்று நல்ல சொல் இருக்கிறதே. பெரும்பாலான நேவிகளில் பித்தளை விசைக்காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தின்) மேல் இருந்த வெள்ளிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

களிம்பு செம்புக்கும் பித்தளைக்கும் சரி, இரும்புக்கு வராது. அதோடு அந்தச் சொல்லைக் கேட்டதுமே நம் கை புளியைத் தேடும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைத்தானே உவமை சொல்கிறார்கள்? களிம்பு என்றால் நீக்க வேண்டியது என்று அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இங்கே அதை நீக்கினால் பொருளின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். துருப்படலத்துக்கும் இதே குறைதான்.

அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் பழந்துப்பாக்கிகளுக்கு வகுத்த தரவரிசையைப் பாருங்கள். முதலில் இருந்த நீலம் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் மிகச்சிறப்பு. நீலம் துளியும் இல்லாவிட்டாலும், உறுப்புகள் எல்லாம் அசலாகவும் உலோகம் வழவழப்பாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் இருந்தால் ‘மிக நன்று’ கிடைக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து புது நீலம் ஏற்றியதோ, கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அதற்கும் கீழே ‘நன்று’ என்ற படிக்கு இறங்கிவிடும். இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் நம் பட்டியலால் யாருக்குமே பயனில்லை.

அதனால் ஒரே வேரில் மூன்று சொல் வைக்கலாம் என்கிறேன்: தொழிற்சாலையில் ஏறியது ஆலைமெருகு, வயதில் ஏறியது காலமெருகு, பின்னால் ஒருவர் ஏற்றியது மறுமெருகு.

> மெருகு என்றால் பளபளப்பு. பட்டினா மங்கலாக அல்லவா இருக்கும்?

இப்படி யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பழைய உலக்கையில் கை பிடிக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். யாரும் எண்ணெய் போட்டுத் தேய்த்ததில்லை, பிடித்துப் பிடித்தே கருத்து வழவழவென்று ஆகியிருக்கும். அதை மெருகு என்றுதானே சொல்கிறோம்? ரிவால்வரின் பழுப்பும் அதே சாதிதான்.

மறுமெருகைக் கண்டுபிடிக்கும் விதத்தையும் குறிப்பில் சேர்த்துவிடலாம். சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் திருகாணித் துளையின் வாய் உட்சரிந்திருக்கும், எண்கோணக் குழலின் விளிம்பு மழுங்கியிருக்கும், முத்திரை எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும். துருவரித்த குழிக்குள்ளேயும் நீலம் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். நேவியின் சிலிண்டரில் (குண்டுகளை இடும் சுழல் உருளையில்) 16 மே 1843 அன்று டெக்சாஸ் கடற்படை மோதிய போர்க்காட்சியை உருட்டிப் பதித்திருப்பார்கள். அந்தக் கப்பல்களில் பாய்மரக் கயிறு எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பதே பாதி மதிப்பீடு.

அப்புறம் ‘எண்பொருத்தம்’. குழல், சட்டம் (ரிவால்வரின் உடற்பகுதி), விசைக்காப்பு எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருப்பதற்கு இந்தச் சொல் நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஒரு விதிவிலக்கை மட்டும் எழுதிவையுங்கள். 1873-இல் வந்த ரிவால்வரான கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில் குதிரைப்படைக்கான 7½ அங்குலக் குழல்களைப் பின்னாளில் ராணுவமே 5½ அங்குலமாக வெட்டியது. அப்போது கழற்றிச் சேர்த்ததில் எண்கள் கலந்துபோயின. ‘ஆர்ட்டிலரி’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் அந்த வகையில் எண்கள் பொருந்தாமல் இருப்பதுதான் வழக்கம், அது குறையாகாது.

ஒன்றுக்கு மட்டும் என்ன சொல் வைப்பது என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அந்த 1873 ரிவால்வரின் சட்டத்தை எலும்புக்கரியில் புதைத்துச் சூடேற்றித் தண்ணீரில் தோய்ப்பார்கள். நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள் எல்லாம் திட்டுத்திட்டாக ஓடும், வெயில் பட்டால் வெளுத்துப்போகும். நெசவுக்காரர்கள் இரு நிறம் காட்டும் சேலையை மயில்கழுத்து என்கிறார்களே, அதை வைத்து ‘மயில்கழுத்து மெருகு’ என்றால் சரியாக இருக்குமா? மஞ்சள் அதில் அடங்கவில்லை என்பதுதான் என் தயக்கம். உலோகப் பட்டறையில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.