மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் தனி ஆயில் அழுத்த மீட்டர் பொருத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் வாங்கிய 1996 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 என்னிடம் உள்ளது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்த முள் நடுவில் போய் நின்றுவிடுகிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அசைவதில்லை. 52 மி.மீ. அளவில் தனி மீட்டர் பொருத்த விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
உங்கள் மீட்டரில் பழுதில்லை. அங்கு விற்ற கார்களில் 1995 மாடல் முதல், அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் பதிலாக அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் வெறும் சுவிட்சையே வைத்தார்கள். சூடான எஞ்சினில் அழுத்தம் மெல்லக் குறைந்து வருவதை அது காட்டாது என்பதால், உங்கள் முடிவு சரியானதே. மின்சார மீட்டரையே வாங்குங்கள். ஆயிலைக் குழாய் வழியாக டேஷ்போர்டுக்கே கொண்டுவரும் வகை மீட்டரில், குழாய் கசிந்தால் சூடான ஆயில் காலில் கொட்டும்.

பதில் 2:
மரையைக் கவனியுங்கள். எஞ்சினில் சென்சாரைப் பொருத்தும் துளை எட்டிலொரு அங்குல பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு), அதாவது அங்குலத்துக்கு 28 மரைகள். சந்தையில் கிடைக்கும் பல சென்சார்கள் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு), அதில் 27 மரைகள். முதல் ஓரிரு சுற்று இலகுவாக ஏறுவதால் பொருந்திவிட்டதாகவே தோன்றும்; அதை நம்பி இறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரையே கெட்டுவிடும். அதற்கான அடாப்டர் கட்டாயம் தேவை. சென்சார் தன் உடல் வழியாக எர்த் எடுப்பதாக இருந்தால் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை அளவோடு சுற்றுங்கள், இல்லாவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் தாறுமாறாகக் காட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

பதில் 2:
சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுங்கள். விளக்கு வயரை டேஷ்போர்டு விளக்குகளுடன் இணையுங்கள்.