நிலாவெளியில் 20 பேர்ச்: வாங்கலாமா, விடலாமா?

கடற்காத்து:
வணக்கம். வேலையால ஓய்வு பெற்று வந்த காசு, இருந்த நகையையும் சேர்த்து ஒரு கோடி ரூபா கையில இருக்கு. நிலாவெளியில, கடலுக்கும் கரச்சிக்கும் (உவர்ச் சதுப்பு நிலம்) இடையில 20 பேர்ச் காணி (ஏக்கரில எட்டில ஒரு பங்கு), பேர்ச் ஐந்து இலட்சம் எண்டு புரோக்கர் சொல்லுறார். ரெண்டு கிழமைக்குள்ள முற்பணம் வேணுமாம். திருகோணமலையில காணி வாங்கின ஆக்கள் சொல்லுங்கோ.

ஆறாங்கட்டை:
வாங்குங்கோ அண்ணை. 2022 இல நடந்ததை மறந்திட்டீங்களோ? மார்ச்சில டொலர் 200 ரூபா, ரெண்டு மாசத்தில 360. வங்கியில கிடந்த காசின்ர பெறுமதி கண்ணுக்கு முன்னால கரைஞ்சுது. காணி கிடந்த இடத்திலயே கிடந்துது. புறாத்தீவுக்குப் போற சனம் இறங்கிற கரை இது. கடல்முகம் இனி ஒரு அடி கூடக் கூடப்போறதில்லை.

கணக்கன்:
விலை ஏறும் எண்டது நம்பிக்கை, பெறுமதி வேறை. கணக்கைப் பாருங்கோ. ஒரு கோடிக்கு முத்திரை வரி, முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதுவே 399,000 ரூபா. பிறகு நொத்தாரிசுக்கும் சேவயருக்கும் குடுக்கவேணும், வேலி அடைக்கவேணும். முழுக் காசும் மண்ணுக்குள்ள போனா எதைக் கொண்டு வாடகைக்கு அறை கட்டுவீங்கள்? கட்டினாலும் உல்லாசப் பயணிகள் வாறது மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும்தான். மாரியில கடல் கொந்தளிக்க ஆர் வருவினம்? கடலில இருந்து 300 மீற்றருக்குள்ள எண்டா 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதியும் வேணும். வெறுங்காணி சோறு போடாது.

ஆறாங்கட்டை:
எல்லாத்தையும் வாடகையில அளக்கிறதாலதான் எங்கட சனம் கடற்கரையை விட்டுப்போட்டு நிக்குது. நாங்கள் வாங்காட்டி வெளியாக்கள் வாங்குவினம். பத்து வருசத்தில பிள்ளைக்குக் குடுக்க என்ன இருக்கும்?

பாலையூற்று:
தம்பிமார், ரெண்டு பேரும் விலையைப் பற்றியே கதைக்கிறீங்கள். நான் முதல்ல கிணத்தைத்தான் பாப்பன். ஆவணி மாதம், நல்ல வெயிலுக்கு, ஒரு வாளி அள்ளி வாயில விட்டுப் பாருங்கோ. கரச்சிப் பக்கம் உவர் ஏறியிருந்தா வாளிக் கைபிடியில துரு கட்டியிருக்கும். நிலத்தில உமரி முளைச்சிருந்தா அது உவர் மண். பக்கத்து வீட்டுச் சுவரில முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை இருக்கோ எண்டு பாருங்கோ. மாரியில தண்ணி அந்த அளவுக்கு நிண்டிருக்கு.

அடுத்தது உறுதி, அதுதான் காணியின்ர உரிமைப் பத்திரம். 1990 இல நாங்கள் ஊரை விட்டு ஓடினம். 2010 இல திரும்பி வந்தா அம்மாவின்ர கிணத்தைச் சுத்தி வேறொருத்தர் வேலி போட்டிருந்தார். அவரும் காசு குடுத்துத்தான் வாங்கியிருந்தார், பாவம். பத்து வருசம் ஆட்சியில வைச்சிருந்தா உரித்து வந்திடும் எண்டு அவருக்கு ஆரோ சொல்லியிருக்கினம். ஆனா யுத்தத்தால தங்கட காணிக்கு வரேலாமப் போனவைக்காக 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்கும் உள்ள காலத்தை அவைக்கு எதிராக எண்ணேலாது எண்டு அந்தச் சட்டம் சொல்லிச்சுது. கடைசியில ரெண்டு குடும்பமும் கண்ணீரோட கச்சேரிக்கும் கோட்டுக்கும் அலைஞ்சம். அதால முப்பது வருசப் பதிவைக் காணிப் பதிவகத்தில தேடாம ஒரு சதமும் குடுக்காதேங்கோ. பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி எண்டா இன்னும் கவனம். பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வித்தா அந்த விற்பனை செல்லாது. 1935 இல வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இது, இப்பவும் நடைமுறையில இருக்கு.

ஆறாங்கட்டை:
அக்கா, உங்கட கதை மனசை உலுக்கிப்போட்டுது. உறுதி பாக்கவேணும் எண்டதில எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனா பயத்தில வாங்காமலே விடுறதை ஒத்துக்கொள்ளமாட்டன்.

கணக்கன்:
வாங்கவேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லை. இருக்கிற காசு முழுக்கப் போடவேண்டாம் எண்டுதான் சொல்லுறன். பத்துப் பேர்ச் வாங்கி மிச்சக் காசில ஒரு அறை கட்டலாம். ரெண்டு கிழமை அவசரமும் எனக்குப் பிடிக்கேல்லை. நல்ல காணிக்காரன் பொறுப்பான்.

கடற்காத்து:
இண்டைக்குப் போய்ப் பாத்தன். வேலிக்கரையில உமரி நிக்குது. கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாத்தன், நாக்கில உப்பு நிண்டுது. உறுதியைக் கேட்டன். தந்தது பெர்மிட்டின்ர போட்டோக் கொப்பி. அதில இருக்கிறது விக்கிறவரின்ர பேரில்லை, செத்துப்போன தகப்பனின்ர பேர். பின்னுரித்தாளியா, அதாவது அவருக்குப் பிறகு காணி சேரவேண்டியவரா, ஆரும் பதியப்படேல்லையாம். முற்பணம் குடுக்கேல்லை.

பாலையூற்று:
அந்தக் கொப்பியைக் கொண்டு நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போங்கோ தம்பி. காணி உத்தியோகத்தரிட்ட இலக்கத்தைக் குடுத்தா கோப்பை எடுத்துப் பாப்பினம்.

ஆறாங்கட்டை:
சரி, இதை விடுங்கோ அண்ணை. அலஸ்தோட்டத்தில ஒரு உறுதிக் காணி இருக்கு, கடலில இருந்து கொஞ்சம் தள்ளி, பன்னிரண்டு பேர்ச். சனிக்கிழமை வாங்கோ, ரெண்டு பேருமாப் போய் முதல்ல கிணத்தைப் பாப்பம்.