தம்பி பிறக்கும்போது எத்தனை கிலோ?

உப்புவெளிவாசி:

போன மாதம் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அவனுக்கு வயது 34. ஆள் மூங்கில் கம்பு மாதிரி மெலிவு. சாராயம், சிகரெட் எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 214, நீரிழிவுதான். "எனக்கு எப்படி வந்தது?" என்று என்னைத்தான் கேட்டான், தேநீரில் நான்தான் களவாகக் கலந்து கொடுத்ததுபோல.

மாத்திரை எழுதிக்கொண்டிருந்த டொக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "பிறக்கும்போது தம்பி எத்தனை கிலோ?" பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்க, இப்படியும் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். வெளியே போய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உயிரோடு பிறந்தான், அதைப் போய்ச் சொல்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. தம்பி அம்மாவின் வயிற்றில் மூன்று மாதம். நிலாவெளிப் பக்கமிருந்து உடுத்த துணியோடு வந்து ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கினோம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாய் அகலம். சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) நிவாரணத்தில் அரிசி, பருப்பு, சீனி, கொஞ்சம் மா. மரக்கறி கண்ணில் படாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் மீன் இல்லை. அம்மா எங்களுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுத் தான் குடிப்பார். அதைத்தான் தம்பியும் குடித்திருக்கிறான் என்று இப்போது விளங்குகிறது.

டொக்டர் சொன்னது இதுதான். வயிற்றுக்குள்ளேயே பஞ்சம் கண்ட குழந்தையின் உடம்பு சிக்கனத்துக்குப் பழகிவிடும். கிடைக்கிற சத்தை மூளைக்கு ஒதுக்கிவிட்டு, தசையிலும், சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் கணையத்திலும் மிச்சம் பிடிக்கும். பிறகு சோறும் சீனியும் தாராளமாக வரும்போது அந்தக் கணையத்தால் ஈடுகொடுக்க முடியாது. இந்தியாவில் புனேயில் டொக்டர் யாஜ்னிக்கின் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்களாம். வெள்ளைக்காரக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் நிறை குறைவு, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்தவனுக்குச் சீனி வராது என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எனக்குச் சீனி இல்லை. கோளாறு வேறு. சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். இடது கை தட்டைச் சுற்றி அணை கட்டியதுபோல இருக்கும். கலியாணமான முதல் வாரத்தில் மனைவி, "யார் பறிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டாள். அதுவரை எனக்கே தெரியாது. அலுமாரியில் எப்போதும் மூன்று பைக்கற் மா, இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் இருக்கும். 2022இல் பொருளாதார நெருக்கடியில் எல்லாவற்றுக்கும் வரிசை வந்தபோது வீட்டில் என்னைத் தீர்க்கதரிசி என்றார்கள். லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

உங்களுக்கும் இப்படி உண்டா? சின்ன வயது உடம்பில் எங்கே ஒளிந்திருந்து எப்போது வெளியே வந்தது? எழுதுங்கள்.

தம்பலகாமத்து மருத்துவிச்சி:

தம்பி, சைக்கிளில் வீடு வீடாகப் போய் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள் நான். இப்போது ஓய்வு. அந்த டொக்டர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியே எங்கள் ஆட்களால்தான் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பெருமைதான்.

இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷியர் என்ற இடத்தில் 1911 முதல் மருத்துவிச்சிமாரும் தாதிமாரும் பிறந்த குழந்தைகளின் நிறையைப் பேரேட்டில் எழுதி, ஒரு வயதில் திரும்பவும் நிறுத்து எழுதினார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் பல வருடம் கழித்து அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, அதில் இருந்த ஆண் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தார். ஒரு வயதில் நிறை குறைந்திருந்தவர்கள்தான் இதயநோயால் கூடுதலாகச் செத்திருந்தார்கள். 1989இல் அது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, அந்த ஊர் ஆண்களிலேயே நீரிழிவுக்கும் அப்படித்தான் என்று காட்டினார்கள். ஒழுங்காக நிறுத்து ஒழுங்காக எழுதிய பெண்கள் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

நானும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் கொப்பியில் சிவப்புப் பேனாவால்தான் எழுதுவேன். கர்ப்பிணிக்கென்று கொடுத்த திரிபோஷ என்ற சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி வீட்டில் ஆறு பேர் சாப்பிடுவார்கள். வாசலில் என் சைக்கிள் மணி கேட்டதும் சட்டியை மூடுவார்கள். பிள்ளைகளின் வாயோரத்தில் மா ஒட்டியிருக்கும். ஏசியிருக்கிறேன், நன்றாகவே ஏசியிருக்கிறேன். ஆனால் பசித்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தாய் தனியாக எப்படி விழுங்குவாள்?

அம்மாவிடம் திரும்பக் கேளுங்கள். நிறை எவ்வளவு என்று கேட்கக் கூடாது. யார் பிள்ளை எடுத்தது, எங்கே கிடத்தினார்கள் என்று கேளுங்கள். மற்றது தானாக வரும்.

கிண்ணியா டீச்சர்:

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாடசாலை திறந்தபோது என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். உம்மாவையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவன் அழவே இல்லை. கணக்கில் முழுப் புள்ளி எடுப்பான். கெட்டிக்காரப் பிள்ளை, தாங்கிக்கொண்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

போன வருடம் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் ஓட்டோ வந்து நின்றது. "டீச்சர், ஏறுங்கள்." அவன்தான். போகிற வழியெல்லாம் ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டே ஓட்டினான். பதினைந்து வருட வயிற்றுவலியாம். ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஒன்றுமில்லை என்று கேட்டால் இன்னும் கூடுகிறது டீச்சர்." எப்போது மோசமாக இருக்கும் என்று கேட்டேன். "டிசம்பர் பிறந்தால்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது போலிருக்கிறது. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அதன்பின் வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது, எழுதிக் கொடுத்தேன். எடுத்தானோ தெரியாது. காசு வாங்க மாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாக நின்றான்.

மூதூரான்:

அண்ணா, எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு ஒரு குறை இருக்கிறது. சண்டையும் கடலும் வந்தால்தான் பிள்ளைப்பருவம் பழுதாகுமா?

2006இல் சண்டையால் மூதூரே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். அந்த நடை எனக்குக் கனவில் வருவதில்லை. வருவது எங்கள் கேற்றின் கொளுக்கிச் சத்தம். அப்பா எவ்வளவு குடித்துவிட்டு வருகிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஷெல்லுக்கு எல்லோரும் சேர்ந்து ஓடி பங்கருக்குள் குந்தியிருக்கலாம். பெல்ட்டுக்கு பங்கர் வெட்டியவர் யார்? எனக்கு 29 வயதில் பிறஷர் 160க்கு 100. கேற் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு அடிக்கிறது, என் மகள் திறந்தாலும்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பிரச்சினைக் காலம். அப்பா குடித்ததும் பிரச்சினைக் காலத்தால், அடித்ததும் பிரச்சினைக் காலத்தால். 2009இல் பிரச்சினை முடிந்தது. அடி முடியவில்லை.

இதைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் சான் டியாகோவில் ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்: சின்ன வயதில் அடி, கேவலப்படுத்தும் ஏச்சு, வீட்டில் குடி, தாய்க்கு விழுந்த அடி, இப்படி எத்தனை கண்டீர்கள்? 1998இல் முதல் முடிவு வந்தது. நான்கோ அதற்கு மேலோ கண்டவர்களுக்குக் குடிக்கு அடிமையாவதும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு கூடுதல். இதயநோயும் கூடியிருந்தது. எல்லோரும் மருத்துவக் காப்புறுதி உள்ள, வசதியான ஆட்கள். அந்த ஊரில் ஷெல் விழவில்லை.

எங்கள் வடக்கு கிழக்குப் பிள்ளைகளிடமும் சுனாமிக்குப் பிறகு கேட்டிருக்கிறார்கள், 2008இல் வெளிவந்தது. சண்டையையும் சுனாமியையும் போலவே வீட்டு அடியும் பிள்ளைகளின் மனதை உடைத்திருந்தது. அந்த அடிக்குப் பின்னால் தகப்பனின் குடி நின்றது. இதைச் சொன்னால் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார்கள். இராணுவத்தைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார்கள்.

உப்புவெளிவாசி:

மூதூரான் தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் பார்த்தேன்: நான் எழுதியதில் அப்பா ஓர் இடத்திலும் வரவில்லை. அது இன்னொரு நாள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். மண்டபத்தில் தம்பியோடு அதே மாதம் பிறந்த இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அம்மா சொல்லித்தான் தெரியும். இருவருக்கும் சீனி இல்லை. ஒருவர் உதைபந்தாட்டம் பழக்குகிறார். மடங்குக் கணக்கெல்லாம் கூட்டத்துக்குத்தான், தனி ஆளின் தலையெழுத்து அதில் இல்லை. தம்பிக்கு இதைச் சொன்னேன், அவனுக்குக் கோபம்தான் வந்தது.

மருத்துவிச்சி அக்கா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். யார் பிள்ளை எடுத்தது என்றதும் அம்மா ஒரு மணி நேரம் பேசினார். மண்டபத்தின் பின்பக்கம் கரும்பலகையைச் சாய்த்து, சேலை கட்டி மறைத்தார்களாம். பக்கத்துப் பாய்க்காரி, பல்லில்லாத கிழவி, அவர்தான் எடுத்தது. மறுநாள் நிவாரணம் நிறுக்கும் வேளையில் கிழவி தம்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையை இடித்து முன்னால் போய், பருப்புத் தூள் ஒட்டியிருந்த தராசுத் தட்டில் சேலைத் துண்டை விரித்துக் கிடத்திவிட்டார். சங்கக்கடை மனேச்சர் ஏச வாயெடுத்து, பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் படிக்கல்லை எடுத்தாராம். இரண்டு கிலோவுக்குக் கல் பக்கம் இறங்கியது. பெரிய கல்லை எடுத்துச் சின்னக் கற்களாக வைத்துப் பார்த்ததில் 1 கிலோ 800.

அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், சிவப்புப் பேனாவால்.