எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் நடை, உடற்பயிற்சி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவாரூரிலிருந்து:

போன தை மாதம் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு. அன்று சாயங்காலமே நர்ஸ் வந்து, "எழுந்திருங்கம்மா, நடக்கணும்" என்று நிற்கிறார். வயிற்றில் ஓட்டை போட்ட இடம் எல்லாம் இழுக்கிறது. ஆபரேஷனுக்காக ஏற்றிய காற்று வேறு தோள்பட்டையில் போய் வலியாக உட்கார்ந்திருக்கிறது. காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதற்காகத்தான் இந்த அவசரம் என்று டாக்டர் விளக்கிய பிறகு நான் முரண்டு பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடை. அப்புறம் தெரு முனை. அப்புறம்தான் கமலாலயக் கரை. 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வோம். வேலி என்பது அந்தக் கால நில அளவு. அந்த ஐந்து வேலி எவ்வளவு என்று என் காலுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒரு கரை மட்டும் நடப்பது, படியில் உட்காருவது, திரும்புவது என்று ஆரம்பித்தேன்.

சிரமம் காலில் இல்லை, தண்ணீரில். நடந்துவிட்டு வந்து செம்பை அண்ணாந்து கவிழ்க்கிற வழக்கம் இனி கிடையாது. மிடறு மிடறாகத்தான் உள்ளே போகும். ஆனால் நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போயாக வேண்டும், சாப்பாட்டோடு குடிக்கவும் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இந்தக் கணக்கைச் சரிக்கட்டுவதே தனி வேலை. பாட்டில் இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை.

அப்புறம் கரையில் எதிர்ப்படும் மனிதர்கள். குண்டாக இருந்தபோது "கொஞ்சம் நடக்கக் கூடாதா?" என்றவர்கள்தான் இப்போது "சுகர் எவ்வளவு இருக்கு?" என்கிறார்கள். மேலக் கோபுரத்துக்கு எதிரே ஒரு மாமி கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். ஆபரேஷன் என்று உண்மையைச் சொன்னால், "வாயைக் கட்டியிருந்தா போதுமே" என்று அடுத்த அம்பு வரும். இப்போதெல்லாம் "தைராய்டு, மாமி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து:

அக்கா, எனக்கு பைபாஸ். இதயத்துக்குச் செய்வது இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது. சர்க்கரை கட்டுக்குள் வராததால் அதுதான் நல்லது என்றார்கள். விவசாயிக்கு எதற்கு வாக்கிங், வயலுக்குப் போனாலே நடைதானே என்று கேட்காத ஆள் இல்லை. எடை வேகமாக இறங்கும்போது உடம்பின் நிதானம் மாறிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்து சேறடிக்கிற நாளில் வரப்பில் கால் வைத்துப் பார்த்தால் தெரியும். அதனால் எனக்கு வெண்ணாற்றங்கரைதான்.

குறுவை நேரம் வேறு. ஓட்டை போட்ட இடத்தில் குடலிறக்கம் வந்துவிடும், ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்பது டாக்டர் உத்தரவு. யூரியா மூட்டை 45 கிலோ! அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "நல்லாத்தானே நடக்கிறான், தூக்கினா என்னவாம்?" என்று தினமும் முணுமுணுப்பு.

இரண்டு விஷயம் பைபாஸ்காரர்கள் கவனிக்கணும். ஆபரேஷன் முடிந்ததுமே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் வழியில் லோ சுகர் ஆகி விழ வேண்டியதுதான். டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, முட்டி வலிக்கு மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் வலி மாத்திரை. புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகையெல்லாம் குடல் இணைத்த இடத்தில் புண்ணாக்கும். எனக்கு பாராசிட்டமால் மட்டும்தான்.

திருவையாற்று மாமனார் வீட்டில் அசோகா அல்வா வைத்தால் இப்போது வாசனை பிடிப்பதோடு சரி. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வியர்த்து, படபடத்து, ஆளைச் சாய்த்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:

புதாற்றங்கரையில் நானும் நடக்கிறவள்தான். ஆனால் நடை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் போகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது ரொம்ப எளிது: நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டை இழுப்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள். டாக்டர் சரி என்ற பிறகு ஜிம்முக்குப் போனேன். அங்கே மாஸ்டர் எடுத்ததுமே வயிற்றுக்குப் பயிற்சி என்றார். தழும்பைக் காட்டினேன். பாவம், அதற்கப்புறம் இரண்டு கிலோ டம்பெல்லைக் கூட பயந்து பயந்துதான் கொடுத்தார்.

தசைக்குப் புரதம் வேண்டும், நாளுக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெற்களஞ்சியத்தில் பிறந்துவிட்டு, இலையில் முதலில் மீனும் சுண்டலும், இடமிருந்தால் சோறு என்று நான் சாப்பிடுவதை மாமியார் இன்னும் வேடிக்கை பார்க்கிறார். கொஞ்ச நாளாக நடக்கும்போதே மூச்சு முட்டியது. பரிசோதித்தால் இரும்புச் சத்து தரைமட்டம். சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அது ஆயுசுக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து:

எனக்கு ஆபரேஷன் ஆகி இன்னும் தையல் காயமே முழுசாக ஆறவில்லை. ஐப்பசி ஆச்சே, காவிரியில் துலாக் கட்டத்தில் ஒரு முழுக்காவது போடு என்கிறார் அம்மா. மழை வேறு விடவில்லை, நடக்க இடமில்லை. நேற்றிலிருந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. நடந்தால் சரியாகுமா?

திருவாரூரிலிருந்து:

தம்பி, காயம் மூடும் வரை ஆறு, குளம் எதுவும் வேண்டாம். அம்மாவைத் தலையில் தெளித்துவிடச் சொல்லுங்கள், போதும். மழைக்குக் கூடத்திலேயே நடக்கலாம். ஆனால் அந்தக் கெண்டைக்கால் விஷயத்தை நடந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். ரத்தக் கட்டாக இருக்கலாம். இன்றே ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் போட்டு, போய்க் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் போன் கூட வேண்டாம், உடனே 108.